தொட்டி நிறைந்தால் நின்றுபோகும் இணையம்

நகரத்தில் ஏதேனும் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல் ஏறி நின்று நாற்புறமும் பார்க்கிறவர்களுக்கு, நம் குடும்பங்களின் ஐம்பது ஆண்டுக் காலச் சரித்திரத்தைப் புத்தகம் புரட்டாமல் மொட்டை மாடிகளைக் கொண்டே படித்துவிடலாம் என்று தோன்றும். துருப்பிடித்து வளைந்து, காகங்கள் உட்காருவதற்கு மாத்திரமே பிரயோஜனப்படுகிற பழைய தொலைக்காட்சி ஆன்டெனாக்கள். அவற்றின் பக்கத்தில், சந்தா கட்டுவதை விட்டு எத்தனையோ வருஷங்களான பின்னும் வானத்தை நோக்கி ஏந்திய கையைத் தாழ்த்தாமல் நிற்கும் டிஷ்கள். இரண்டொரு வருஷங்களாக அவற்றுக்கும் மேலே, தடித்த அகராதி ஒன்றின் அளவில், வெள்ளை நிறத்தில், ஒரு குழாயில் கட்டப்பட்டுத் தூரத்து டவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறிய பெட்டிகள். இந்த மூன்றாவது வாரிசைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

2022 அக்டோபர் 1ஆம் தேதி நம் தேசத்தில் 5ஜி சேவை தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் தில்லியிலும் மும்பையிலும் ஏர்டெல் ஸ்தாபனமும், செப்டம்பர் 19ஆம் தேதி சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஜியோ ஸ்தாபனமும், கண்ணாடி இழையை வீடு வீடாக இழுக்காமல் டவரிலிருந்து ஆகாய மார்க்கமாகவே பிராட்பேண்டைக் கொண்டுவந்து சேர்க்கும் சேவையை ஆரம்பித்தன. பாதாளச் சாக்கடைக்கு ஒரு முறை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, மின்சாரக் கேபிளுக்கு ஒரு முறை என்று தோண்டித் தோண்டித் தெருவே தெரியாமல் போய்விட்ட புறநகர்வாசிகளுக்கு, நாலாவது முறையாக ஒருவர் கடப்பாரையோடு வரப்போவதில்லை என்பதே பெரிய ஆறுதல். இழை வருவதற்கு இன்னும் பல காலம் ஆகக்கூடிய இடங்களில் வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது கைகொடுக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆகவே, இந்தச் சேவையைக் குறை கூறுவது என் உத்தேசமன்று. 'கம்பியில்லாதது' என்ற பெயரைக் கேட்டதும், இதில் கைவேலை என்று ஒன்றும் கிடையாது, பெட்டியை எங்கே மாட்டினாலும் காற்றோடு காற்றாக இணையம் வந்து புகுந்துவிடும் என்று நாம் எல்லோரும் எண்ணிக்கொள்கிறோமே, அந்த எண்ணத்தைத்தான் குறை கூற வேண்டியிருக்கிறது. அந்த எண்ணத்தால் விளையும் கஷ்டத்தை நான் அநுபவித்து அறிந்தவன். குற்றமும் பெரும்பாலும் என்னுடையதே.

சென்னைக்குத் தெற்கே புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். முதுகிலே பை, கையிலே டிரில், வண்டியின் பின்னால் கட்டிய நீளக் குழாய், அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கியிருக்கிறது என்ற கவலை முகத்திலே. கைப்பிடிச் சுவரில் குழாயை நிறுத்தலாமா என்று அவர் கேட்டபோது, சென்ற வருஷந்தான் தளத்துக்கு ஓடு பதித்துப் பூச்சு வேலை செய்திருந்த பெருமையில், "சுவரிலே ஓட்டை போட வேண்டாம் தம்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது, அதிலேயே கட்டிவிடு" என்று சொன்னவன் நான். அவர் கட்டினார், தம் கைப்பேசியைப் பார்த்து, "சிக்னல் நல்லா இருக்கு சார்" என்றார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத் தொட்டி கழுவுகிற நாள் என்பதும், தொட்டியில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை என்பதும் அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்த எனக்கோ அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவில்லை.

மறுநாள் முதல் வீட்டில் ஒரு விசித்திரம் நிகழத் தொடங்கியது. காலையில் மோட்டார் போட்டு ஒரு மணி நேரத்துக்கெல்லாம் இணையம் தள்ளாடும். குளியலும் துவையலும் முடிந்த பிற்பகலில் தானாகவே தெளிந்து ஓடும். சாயங்காலம் மறுபடி மோட்டார் போட்டால் இரவு மறுபடியும் படுத்துவிடும். மோட்டார் இழுக்கிற மின்சாரத்தால்தான் இந்தக் கோளாறு என்று தீர்மானித்து எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் ரூட்டருக்குத் தனி வயர் இழுத்துப் பார்த்தார். ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார். இறுதியில், "உங்க மோட்டாருக்கும் நெட்டுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லைங்க" என்று சொல்லிக் கூலியைப் பெற்றுக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து வந்தவர் வயதில் சற்று மூத்த வேறொரு டெக்னீஷியன். அவர் மாடிக்கு ஏறியதும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே டவர் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே கறுத்துப் பருத்து நின்ற பிளாஸ்டிக் தொட்டியை விரல் மடக்கித் தட்டினார். 'தொம்' என்று நிறைந்த சத்தம் கேட்டது. "தண்ணிக்குப் பின்னாடி கட்டிட்டு சிக்னலைத் தேடினா எப்படி சார்?" என்றார்.

காலித் தொட்டியின் பிளாஸ்டிக்கை ஊடுருவிச் செல்லும் வானொலி அலை, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் அதிலேயே தன் சக்தியை இழந்துவிடுகிறது. சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு சாம்பாரைச் சூடாக்குவதும் தண்ணீரின் இந்தக் குணத்தைக் கொண்டுதான். நம் நாட்டில் 5ஜி சேவைக்கு முக்கியமாக உபயோகப்படுகிற 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர்; அது மழைத் துளிக்கு அஞ்சுவதில்லை. ஆனால் மழையில் நனைந்த வேப்பமரத்தின் அடர்ந்த கிளைகளும், தகரக் கொட்டகையும், கான்கிரீட் சுவரும் அதற்குப் பெரிய தடைகளே. 2022ஆம் ஆண்டு ஏலத்தில் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ நீளம் 1 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். பலத்த மழையே அதற்குப் போதும்.

தடை என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாடியில் நின்று பார்த்தால் டவர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே வழி சுத்தமாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அலையோ நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் வருவதில்லை. இரு முனையும் சிறுத்து நடுவே பருத்த ஒரு வெள்ளரிக்காயின் வடிவத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு வருகிறது. டவர் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்குமானால், பாதி வழியில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் சுமார் நாலே முக்கால் மீட்டர். அந்த வட்டத்துக்குள் நாலு தென்னை மட்டைகள் நுழைந்தாலும், அடுத்த தெருக்காரர் ஒரு மாடி கூடுதலாக எடுத்தாலும், கண்ணுக்கு டவர் தெரிந்துகொண்டே இருக்கையில் வீட்டுக்குள் இணையம் மெலிந்துபோகும். மாட்டிய நாளில் சரியாக இருந்த பெட்டி ஆறு மாதத்தில் சரியில்லாமல் போவதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. சென்னையில் 1975இல் தொலைக்காட்சி வந்தது. இலங்கையின் ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தஞ்சைக் கடற்கரை முதல் தென்பாண்டிச் சீமை வரையில், சென்னை நிலையத்தின் படம் எட்டாத ஊர்களில், ரூபவாஹினியைப் பிடிப்பதற்காகத் தென்னை உயரத்துக்குக் குழாய் மேல் குழாயாக நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, மகன் மாடியிலிருந்து திருப்ப, தாய் முற்றத்தில் நின்று சேதியை அஞ்சல் செய்ய, தகப்பனார் உள்ளே பெட்டியின் முன் அமர்ந்து, "புள்ளி புள்ளியா வருது... இன்னும் கொஞ்சம்... போதும், போதும், விடாதே" என்று கூவிய ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு தலைமுறை மறந்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஆன்டெனாவின் தோஷம் திரையில் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. குடும்பம் முழுவதும் நீதிபதியாக இருந்தது. இந்தக் காலத்துப் பெட்டியோ தன் தோஷத்தைத் திரையில் காட்டுவதில்லை. டெக்னீஷியனின் கைப்பேசியில் ஓர் எண்ணாக அது ஒரு நிமிஷம் தோன்றி, அவர் படியிறங்கும்போது அவரோடு போய்விடுகிறது. வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது "நல்லா இருக்கு சார்" என்ற வாய்ச்சொல் ஒன்றுதான்.

அந்த எண் பரம ரகசியம் ஒன்றுமன்று. டவரிலிருந்து வந்து சேரும் அலையின் வலிமையை டெசிபெல் கணக்கில், மைனஸ் குறியோடு அளக்கிறார்கள். மைனஸ் 80க்கு அருகில் இருந்தால் நலம். மைனஸ் 110ஐ நெருங்கினால் சேவை தடுமாறும். பத்து எண் இறங்கினால் பாதியாகக் குறைந்ததாக அர்த்தமில்லை. பத்தில் ஒரு பங்காகிவிட்டதாக அர்த்தம். எங்கள் வீட்டில் தொட்டி நிறைந்திருக்கையில் அந்த எண் மைனஸ் 112. மேற்கு மூலைக் கைப்பிடிச் சுவருக்குப் பெட்டியை மாற்றிய பிறகு மைனஸ் 88. இருபத்துநாலு எண் வித்தியாசம் என்றால், வந்து சேர்ந்த அலை ஏறக்குறைய இருநூற்றைம்பது மடங்கு வலுத்துவிட்டது என்று பொருள். டவரும் அதே டவர், பெட்டியும் அதே பெட்டி. இடம் பதினைந்தடி மாறியிருந்தது, அவ்வளவே.

கம்பியில்லா இணைப்பைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்வதில் உலகத்துக்கே முன்னோடியாக இருந்த ஊர்களில் நம்முடையவையும் உண்டு என்பதைப் பலர் அறியார். 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் உருவான 'கார்டெக்ட்' என்ற சாதனம், கூரை மேல் ஆன்டெனா வைத்து, பேச்சையும் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் ஒருங்கே கொண்டுவந்தது. 2001 முதல் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் அதைக் கொண்டு இணைய மையங்கள் நடந்தன. நோயாளிகளின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அங்கிருந்தே அனுப்பினார்கள். பின்னர் தேனிப் பகுதியில் அதே மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, உயரக் கம்பங்களில் திசை பார்த்துக் கட்டிய ஆன்டெனாக்களால், கிராமத்து நோயாளியும் நகரத்து டாக்டரும் முகம் பார்த்துப் பேச வழி செய்தார்கள். அந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் அநுபவத்தை 2008இல் எழுதியபோது, சாதனங்களை அடிக்கடி முடக்கிய பெரும் காரணம் தரமில்லாத மின்சாரமே என்றும், உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளிக்காமல் இவ்வகை இணைப்புகள் நீடித்து நிற்கமாட்டா என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காற்றில் வருவதைவிட, கையால் செய்வதும் சுவரில் இருப்பதுமே இணைப்பை வாழவைக்கின்றன என்ற இந்தப் பாடத்தை நம் மண்ணிலேயே படித்துவிட்டு, இருபது வருஷத்துக்குள் மறந்திருக்கிறோம்.

திசைக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது மழையும் மின்னலும் புயலும். மாடியில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரமும் தகவலும் ஒரே கேபிள் வழியாகத்தான் போகின்றன. அந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளலாகாது. வீட்டுக்குள் உபயோகிக்கிற சாதாரணக் கேபிளை வெளியே இழுத்தால் நம் வெயிலில் உறை வெடித்துப்போகும். வெளியே இழுப்பதற்கென்றே தனி உறையோடு செய்த கேபிள் வேண்டும். சுவரின் துளைக்குள் நுழையுமுன் அது கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து மேலேற வேண்டும். அந்த வளைவின் அடியில் மழை நீர் சொட்டிவிடும். இல்லையேல், கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் கூடத்துக்குள் வந்து ரூட்டரை எட்டிப் பார்க்கும். பெட்டியின் மேல் ஐ.பி. 65 என்று அச்சிட்டிருப்பதை நம்பிச் சிலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். 6 என்பது தூசி புகாது என்பதையும் 5 என்பது பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். கேபிள் செருகும் வாயின் மூடியை இறுக்காமல் விட்டால் அந்த இரண்டு இலக்கமும் வெறும் அலங்காரமே.

வீட்டிலேயே உயர்ந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பியை நேரே படிக்கும் அறைக்குள் கொண்டுவருகிறோம் என்பதையும் மறக்கலாகாது. ஐப்பசி இடியும் கோடை இடியும் அதை அறியும். குழாயை முறைப்படி எர்த் செய்வதும், திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சாதனம் ஒன்றைக் கேபிளில் இணைப்பதும் அதிகச் செலவு பிடிக்கிற காரியங்கள் அல்ல. காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நாலு மடங்காகும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று, பெரிய மரங்களே வேரோடு சாய்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டிய குழாய் அத்தகைய காற்றில் நிற்காது. விழுந்தால் அது நம் தளத்தில்தான் விழும் என்ற நிச்சயமும் கிடையாது. கீழே தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள்.

இவ்வளவையும் கவனித்துச் செய்ய வேண்டியவர் யார்? எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த இளைஞரைப் போன்றவர்தான். தமக்கு ஒப்பந்தக்காரர் இணைப்புக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி தருவதாக அவர் பேச்சினிடையே சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து வீடு ஏறினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிர்ப்பந்தத்தில் இருக்கிற ஒருவரிடம், எர்த் செய்தாயா, வேறு மூலையில் அளந்து பார்த்தாயா என்று கேட்பது நியாயமன்று. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக, இடுப்பில் கயிறுகூட இல்லாமல் அவர் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. சேவை அளிக்கும் ஸ்தாபனங்கள், பெட்டியை மாட்டியதும் ஒரு சிறு பத்திரத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும்: எந்தத் தேதியில், மாடியின் எந்த மூலையில், எந்த டவரை நோக்கி வைக்கப்பட்டது, அலையின் வலிமை எவ்வளவு, வேகம் எவ்வளவு, குழாய் எர்த் செய்யப்பட்டதா, வேறு எந்த இடத்தில் அளந்து பார்க்கப்பட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கட்டாயமாக்கலாம். எரிவாயு இணைப்புக்கும் மின் மீட்டருக்கும் காகிதம் இருக்கும்போது, ஒரு குடும்பத்தின் படிப்பும் பிழைப்பும் தொங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டிக்கு ஏன் இருக்கக்கூடாது? கூலியையும், மாட்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல், மூன்று மாதம் புகாரின்றி ஓடிய இணைப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், அவசரம் தானே குறையும். உயரத்தில் நிற்பவருக்கு இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் கொடுப்பது சலுகையன்று, கடமை.

இப்படிச் செய்தால் செலவும் நேரமும் கூடும் என்று ஆட்சேபம் சொல்வார்கள். கூடத்தான் செய்யும், அரை மணி நேரம் கூடும். ஆனால் எங்கள் ஒரு வீட்டுக்காக மூன்று வார அவதியும், ஓர் எலெக்ட்ரீஷியன் கூலியும், ஸ்டெபிலைசர் விலையும், இரண்டாவது டெக்னீஷியனின் ஒரு நாளும் செலவானதைக் கணக்குப் பார்த்தால், அந்த அரை மணி நேரம் மலிவானதே.

வீடு கட்டுகிறவர்களும் அடுக்குமாடிச் சங்கத்தாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாடியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் பதித்து, எர்த் செய்த பொதுக் கம்பம் ஒன்றையும் மாடியில் நிறுத்திவிட்டால், ஆளுக்கு ஒரு துளை போட்டுத் தளத்தைக் கெடுப்பதும் அதனால் வரும் சண்டையும் இல்லாமல் போகும். கதிர்வீச்சு என்று அஞ்சிப் பெட்டியையே தடுக்கிற சங்கங்களும் இருக்கின்றன. டவர்களின் கதிர்வீச்சுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கே என்ற கட்டுப்பாட்டை நம் தேசம் 2012இல் விதித்தது. மாடியில் இருக்கும் பெட்டியோ கைப்பேசிக்கு ஒப்பான சொற்ப சக்தியில் பேசுவது. அஞ்ச வேண்டியது உறுதியில்லாமல் கட்டிய குழாய்க்குத்தான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்த அந்த மனிதர் வேலையை முடித்ததும், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மாடிக் கதவின் உட்புறத்தில், தேதியையும், 'மேற்கு மூலை' என்பதையும், மைனஸ் 88 என்பதையும் எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "அடுத்து வர்றவருக்கு உதவும் சார்" என்றார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை; அதற்காக அவருக்குக் கூலி கூடியிருக்கவும் வழியில்லை. பெரிய ஸ்தாபனங்கள் பத்திரம் கொடுக்கும் காலம் வரும்வரை, வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் வீட்டுக்குப் பெட்டி மாட்ட ஆள் வந்தால் கூடத்தில் உட்கார்ந்திருக்காமல் அவரோடு கூட மாடிக்கு ஏறுங்கள், ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள், எண் என்ன என்று கேட்டு, கதவில் எழுதி வையுங்கள். தொட்டி நிறைந்திருக்கிறதா என்பதையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிடுங்கள்.